பற்றறிச் சைக்கிளில் காற்றுப் போனால்: சில்லைக் கழற்றாமல் ஒட்டுப் போடும் முறை

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதித் தாரில் மட்டும் ஓடும் சைக்கிளுக்குக் காற்றுப் போவது குறைவு. கிரவல் ஒழுங்கைக்கும் வயல்கரைக்கும் இறங்கினால் உடைமுள், விடத்தல் முள், வேலியிலிருந்து அறுந்து விழுந்த முட்கம்பித் துண்டு என எல்லாம் ரயரில் ஏறும். பற்றறிச் சைக்கிள் 20, 25 கிலோ வரும். மோட்டார் பெரும்பாலும் பின்சில்லின் நடுவிலேயே இருப்பதால் பின்ரயருக்குத்தான் பாரம் அதிகம். அந்தச் சில்லைக் கழற்றிப் பூட்டுவது புதிதாகப் பழகுபவருக்குச் சிக்கலான வேலை. முள் குத்தியதற்கு அதைக் கழற்றவே தேவையில்லை.

முதலில் காற்றைக் கவனியுங்கள்

எவ்வளவு அடிக்கலாம் என்பது ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 26 × 1.95 அங்குல ரயர் என்றால், அந்த எல்லைக்குள், பின்னுக்கு 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவும் முன்னுக்கு 45உம் பொருந்தும். கிழமைக்கு ஒருதடவை, காலையில், அளவுமானி வைத்துப் பாருங்கள். வெயிலில் நின்ற ரயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். விரலால் அமத்திப் பார்ப்பதை நம்பவேண்டாம்.

காற்றுக் குறைந்த ரயர் கல்லில் ஏறினால் றிம் ரியூப்பை நெரிக்கும். பாம்புப் பல் பட்டதுபோல அருகருகே இரண்டு வெட்டு விழும். மோட்டார் சில்லில் இன்னொரு கேடும் உண்டு. மோட்டார் வேகமாக இழுக்கும்போது றிம் முன்னே போக, தளர்ந்த ரயர் பின்தங்கி நழுவும். ரியூப்பும் அதோடு இழுபட்டு வால்வின் அடி கிழியும். அங்கே ஒட்டு நிற்காது, புது ரியூப்தான். வால்வு சரிந்து நிற்பதைக் கண்டால் உடனே காற்றைத் திறந்துவிட்டு, ரயரை நகர்த்தி வால்வை நேராக்கி, மறுபடி அடியுங்கள்.

மோட்டார்சைக்கிள் வகை வால்வு என்றால் ரயர் கடை இயந்திரத்திலும் அடிக்கலாம். ஆனால் சைக்கிள் ரியூப் சிறியது. ஒரேயடியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுப் போடுதல்

வேண்டியவை: ரயர் நெம்பி 2, ஒட்டு, சொலூஷன் (ஒட்டுக்குப் பூசும் பசை), அரத்தாள், காற்றடிக்கும் பம், பேனா, பழந்துணி. திருப்புளியால் நெம்பினால் ரியூப்பில் புது ஓட்டை விழும்.

1. பற்றறியை நிறுத்திக் கழற்றிவிடுங்கள். அது பூட்டியிருக்க, கை தவறி கைபிடியிலுள்ள வேக முறுக்கியில் பட்டால் சில்லு சுற்றி விரலைப் பிடிக்கும். சைக்கிளைத் தலைகீழாக வைக்காமல் ஸ்ராண்டிலேயே நிறுத்துங்கள்.

2. சில்லைச் சுற்றிப் பார்த்து முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். காற்றை முழுக்கத் திறந்து, சங்கிலி இல்லாத பக்க விளிம்பை மட்டும் நெம்பி, அந்த இடத்து ரியூப்பை வெளியே இழுங்கள். இடம் தெரியாவிட்டால் வால்வுப் பகுதியை விட்டு மிச்சத்தை இழுத்துச் சிறிது காற்றடித்து, சட்டித் தண்ணீரில் அமத்திக் குமிழி பாருங்கள்.

3. ஓட்டையைச் சுற்றி, ஒட்டைவிடப் பெரிதாக, மினுக்கம் போகும்வரை அரத்தாளால் தேயுங்கள்.

4. சொலூஷனை மெல்லிசாகப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். 5 நிமிடம் போதும். கடும் வெயிலில் இன்னும் விரைவாகக் காயும். ஈரத்தோடு ஒட்டுவதுதான் ஒட்டுக் கிளம்புவதற்கு முதற் காரணம்.

5. ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 நிமிடம் அழுத்துங்கள். மேலே உள்ள மெல்லிய தாளை உரிக்கவேண்டாம்.

6. ரயரின் உட்புறம் முழுவதையும் துணியால் துடையுங்கள். முறிந்த முள்நுனி துணியில் கொளுவும். இதை விட்டவர்களுக்கு அடுத்தநாளே அதே இடத்தில் காற்றுப் போகும். உடைமுள் உள்ளுக்குள் முறிந்து நிற்கும் வகை.

7. ரியூப்பைத் தள்ளி, விளிம்பைக் கையாலேயே ஏற்றுங்கள். கடைசிப் பகுதி வால்வுக்குப் பக்கத்தில் முடியட்டும். வால்வை ஒருதடவை உள்ளே அமத்திவிட்டுக் காற்றடியுங்கள்.

ஓட்டை ரியூப்பின் உட்பக்கம், அதாவது றிம் பார்த்த பக்கம் இருந்தால் முள்ளைத் தேடி வேலையில்லை. றிம்மின் மேல் சுற்றியிருக்கும் நாடா விலகிச் சில்லுக் கம்பியின் முனை குத்தியிருக்கும்.

ரியூப்புக்குள் ஊற்றும் அடைப்புப் பசை முள்வழிக்கு நல்லது. ஒரு சில்லுக்கு ஏறக்குறைய 120 மில்லி. வெட்டை அது அடைக்காது. வெப்பத்தில் காய்ந்தும் போகும். பசை கசிந்த ரியூப்பைக் கழுவித் துடைத்தபிறகே ஒட்டுப் போடலாம்.

வழியில் நின்றுவிட்டால்

வெறும் ரயரில் மோட்டாரைப் போட்டு ஓடாதீர்கள். றிம் ரியூப்பை அறுத்துவிடும். இறங்கித் தள்ளுங்கள். நிழல் தேடிப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம், முக்கியமாகச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில். கண்ணிவெடி இன்னும் முழுதாக அகற்றப்படாத நிலம் வன்னியில் உண்டு. வீதியிலேயே நின்று வேலையைப் பாருங்கள்.

ரியூப்பே மாற்றவேண்டி வந்தால், கழற்றமுன் அச்சின் இரு பக்கமும் வாஷர் இருக்கும் ஒழுங்கைப் படமெடுங்கள். மோட்டார் வயரின் பிளக்கை முறுக்காமல் நேராக இழுங்கள். நட்டுக்குப் பெரும்பாலும் 18 மில்லிமீற்றர் ஸ்பானர். பூட்டும்போது பல்லுள்ள வாஷரின் பல் சட்டத்தின் வெட்டுக்குள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அச்சே சுழன்று வயரை அறுக்கும்.