ஔஷதகிரி ஏறும் முன்: குரங்குகளோடு நடந்துகொள்ளும் முறை

திருவந்திபுரத்தில் ஔஷதகிரி மலைப்படி ஏறி ஹயக்ரீவரைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு அடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்பது என் பிழைப்பு. தட்டைக் கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிடுவேன்: பாலித்தீன் பை வேண்டாம், துணிப்பையில் போட்டு வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். பை சரசரத்தாலே தீனி வந்துவிட்டது என்று குரங்குகள் பழகிவிட்டன.

படியில் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதன் முகத்தைக் கவனியுங்கள், ஆனால் கண்ணோடு கண் வைத்து நிற்காதீர்கள். குரங்குக்கு அது வம்புக்கு இழுப்பது. புருவத்தை உயர்த்தி, காதைப் பின்னால் இழுத்து, வாயை வட்டமாகத் திறந்து முறைத்தால் மிரட்டுகிறது. உதட்டை விரித்துப் பல் வரிசை முழுவதையும் காட்டினால் பயந்திருக்கிறது. பெரிய கடுவன் நெருங்கும்போது சின்னது அப்படித்தான் பணிந்து போகும். அதைப் போய் "சிரிக்குது பாரு" என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். பயந்த குரங்கு சட்டென்று கடித்துவிடும். உதடுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டால் அது சிநேகம்.

மிரட்டினால் ஓடக்கூடாது. முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள், வெறும் கையை விரித்துக் காட்டுங்கள். பையைப் பிடித்துவிட்டதா, விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் நகம் படும். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்திருக்கும் மந்தியிடமிருந்து இன்னும் தள்ளியே நில்லுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குட்டி ஈனும் காலம், அப்போது கூட்டமே உஷாராக இருக்கும்.

அப்புறம், தீனி போடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துப் போடுகிறவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு இது என்று சொல்லும் இடமாயிற்றே. ஆனால் ஒரு மந்தி தின்பதை ஒருநாள் நின்று பாருங்கள். கிடைத்ததை மெல்லாமல் கன்னப்பையில் திணித்துக்கொண்டு மரத்துக்குப் போய்விடும். அங்கே சாவகாசமாக உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவரும். நாவல், வேம்பு என்று பழம் தின்றால் கொட்டையைத் தாய்மரத்தைவிட்டுத் தள்ளிப் போய்த் துப்பும்; அங்கே கன்று முளைக்கும். பிஸ்கட் தின்று அடிவாரத்திலேயே கிடக்கும் குரங்கால் எந்த மரமும் முளைக்காது. சாலையில் அடிபடுவதும் அதுதான்.

இது நாட்டுக்குரங்கு. உச்சந்தலையில் வகிடெடுத்துக் குல்லாய் போட்டதுபோல முடி, உடம்பைவிட நீண்ட வால். தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்த இனம் இயற்கையாகக் கிடையாது. வடக்கே இருந்து ரீசஸ் குரங்கு இதன் இடங்களைப் பிடித்துக்கொண்டே இறங்கி வருகிறது. உலகப் பாதுகாப்புப் பட்டியலிலும் இதை அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்துவிட்டார்கள். தினமும் பார்க்கிறோமே, இதற்கென்ன குறை என்று யாரும் சொன்னால் எனக்குத் தாங்காது.

பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போட்டவர்களின் நஷ்டம் நிஜம்தான். அதற்காகக் கூண்டு வைத்துப் பிடித்து எங்கோ காட்டில் விட்டுவருவது தீர்வாகாது. கடுவன்கள் வளர்ந்ததும் கூட்டம் மாறிப் போகும், மந்திகள் பிறந்த இடத்திலேயே இருக்கும். எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. தெரியாத காட்டில் விட்டால் அந்தப் பழக்கம் உதவாது, அங்கிருக்கும் கூட்டமும் சும்மா விடாது. பலாவை முற்றியதும் வெட்டி வீட்டில் பழுக்க வையுங்கள், காய்ப்புக் காலத்தில் ஆள் காவல் போடுங்கள், குப்பைத்தொட்டியை மூடி வையுங்கள். கூட்டம் கட்டுக்கு மீறினால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஊசிகளையும் சொன்ன தேதியில் விடாமல் போட வேண்டும்.