மறுவாழ்வு இல்லத்தில் கைப்பேசி: குடியிலிருந்து மீள்பவருக்கு அதைத் துணையாக்குவது எப்படி?

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் உடனே வீட்டுக்குத் திரும்பாமல், சில மாதங்கள் தங்கி, வேலைக்குப் போய்வந்தபடியே குடிக்காமல் வாழப் பழகிக்கொள்ளும் மறுவாழ்வு இல்லங்களை நடத்துபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இத்தகைய இல்லங்களில் முதல் நாளே எழும் கேள்வி, வருபவரின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வதா, அவரிடமே விடுவதா என்பதுதான். பல இடங்களில் வாசலிலேயே அதை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். கூடக் குடித்தவர்களின் எண்கள், கடன் செயலிகள், நொடியில் பணம் அனுப்பும் வசதி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன என்பதால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் இல்லத்தைவிட்டுப் போகும் நாளில் அதே கைப்பேசி அப்படியே அவருடைய சட்டைப்பைக்குத் திரும்பிவிடும். ஆகவே, அதோடு வாழும் பழக்கத்தைப் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வைப்பதுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன். சட்டமும் இதில் பேசுகிறது: மது, போதைப்பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தில் தங்கியிருப்பவர் அதன் விதிகளுக்கு உட்பட்டு, நியாயமான நேரங்களில் தொலைபேசியில் பேசும் உரிமையை அளிக்கிறது.

முதல் வேலை, கைப்பேசியைச் சுத்தம் செய்வது. கவுன்சலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அழிப்பது கைப்பேசிக்கு உரியவரின் விரலாகவே இருக்க வேண்டும். நாம் வாங்கி அழித்துக் கொடுத்தால் அது பறிமுதல் ஆகிவிடும். கூடக் குடித்தவர்களின் எண்கள், அவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள், சூதாட்ட, கடன் செயலிகள் என ஒவ்வொன்றாகப் பார்த்து, வைத்துக்கொள்ள வேண்டியது எது, வேண்டாதது எது என்று அவரே முடிவு செய்யட்டும். பணத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் சம்பள நாள்தான் பலருக்கும் மிகவும் ஆபத்தான நாள். சம்பளம் விழும் கணக்கை யுபிஐ செயலியிலிருந்து நீக்கிவிட்டு, வாரச் செலவுக்கான சிறு தொகை மட்டும் உள்ள இன்னொரு கணக்கை அதில் இணைத்துக்கொள்ளலாம். ஏடிஎம் அட்டையை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவைப்பது அவர் மனமார ஒப்புக்கொண்டால் மட்டுமே பலன் தரும்.

அடுத்து, முகப்புத் திரையில் மூன்று பேருடைய எண்களை ஒரே தொடுதலில் அழைப்பு போகும்படி வையுங்கள்: அவருடைய ஸ்பான்சர் (தானும் குடியிலிருந்து மீண்டு, இப்போது அவருக்கு வழிகாட்டும் மூத்தவர்), இல்லத்தில் அன்றிரவு பொறுப்பில் இருப்பவர், வீட்டில் அவர் நம்பும் ஒருவர். குடிக்க வேண்டும் என்ற வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணியும். அந்த நேரத்தில் பெயரைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஏ-செஸ் என்ற செயலியிலும் இப்படி ஓர் அவசரப் பொத்தானும், குடித்துப் பழகிய இடத்தை நெருங்கினால் எச்சரிக்கும் வசதியும் இருந்தன. தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறிய 349 பேரிடம் அதைச் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய 30 நாட்களில் அளவுமீறிக் குடித்த நாட்கள் செயலி வைத்திருந்தவர்களுக்குச் சராசரியாக 1.39 ஆகவும், மற்றவர்களுக்கு 2.75 ஆகவும் இருந்தன. அந்தச் செயலி நம் கையில் இல்லாவிட்டாலும் அதன் அடிப்படையை எந்தக் கைப்பேசியிலும் அமைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருப்பதால், வேலை முடிந்து திரும்பும் வழியில் கடையைக் கடக்காமல் வருவது பலருக்கு இயலாது. முதலில் கைப்பேசி வரைபடத்தைத் திறந்துவைத்து, சற்றுச் சுற்றானாலும் கடை இல்லாத வழியையோ, முன்னதாக இறங்கக்கூடிய பேருந்து நிறுத்தத்தையோ இருவருமாகத் தேடுங்கள். பிறகு, பணியிடத்தைவிட்டுக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் தன் நேரடி இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பொறுப்பாளருக்கு அவரே அனுப்பலாம். நாள் முழுவதும் பின்தொடரும் செயலியை நிறுவி வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கண்காணிக்கப்படுபவர் கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டு வெளியே போகக் கற்றுக்கொள்வார். அப்போது உதவிக்கு அழைக்கும் வழியும் அவரிடம் இருக்காது.

மூச்சில் மதுவை அளக்கும் கருவி வாங்கினால், அதைப் பயன்படுத்தும் முறையை முதலில் எழுதி ஒட்டுங்கள். வாய்கொப்பளிக்கும் திரவம், சில இருமல் மருந்துகள், இயல்பாகவே ஆல்கஹால் ஊறும் அரிஷ்டங்கள் எனும் ஆயுர்வேதத் திரவ மருந்துகள் ஆகியவை வாயில் தங்கி அளவை உயர்த்திக் காட்டும் என்பதால், எதையும் சாப்பிட்டு, குடித்து, கொப்பளித்து 15 நிமிடம் கழிந்த பிறகே ஊதச் சொல்ல வேண்டும். அளவு காட்டினால் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீள்பவர் அரிஷ்டத்தைத் தவிர்ப்பதே நல்லது. சந்தேகப்படுபவரை மட்டும் ஊதச் சொல்லாமல், எல்லோரையும் ஒரே நேரத்தில், ஒவ்வொருவராகத் தனி அறையில் சோதியுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் கருவியைச் சரிபார்க்காவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒருவர் குடித்திருப்பது தெரிந்தால் அன்றிரவே வெளியே அனுப்பாமல், பாதுகாப்பாகப் படுக்கவைத்து, காலையில் மருத்துவரிடமும் கவுன்சலரிடமும் பேச வைப்பதுதான் அந்தக் கருவியை வாங்கியதன் பயன்.

இல்லத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கலாம். அதில் யாருடைய சோதனை முடிவும், படமும், குடும்பச் செய்தியும் வரக்கூடாது. இல்லத்தின் பெயரைக் குழுவுக்கு வைக்க வேண்டாம். வேலையிடத்தில் யாராவது திரையை எட்டிப் பார்த்தால் போதும், பேச்சு பரவிவிடும். எழுதத் தயங்குபவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் இணையத்திலும் நடப்பதால், இரவுப்பணிக்குப் போகிறவர்களும் பகலில் தங்கள் அறையிலிருந்தே கலந்துகொள்ளலாம். ஆயினும் நேரில் போக முடிகிற நாளில் நேரில்தான் போக வேண்டும், ஏனென்றால் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது நடக்கும் பேச்சு திரையில் கிடைப்பதில்லை.

மாத்திரைக்கு அலாரம் வைப்பது எளிது. குடியைத் தவிர்க்க உதவும் டைசல்ஃபிராம் என்ற மருந்தை எடுப்பவர் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம் தேவை: மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட, குடித்தால் உடல் கடுமையாக எதிர்வினை காட்டலாம் என்பதால், மருத்துவர் சொன்னபடி, மருந்தை எடுப்பவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துச் சாப்பாட்டில் ரகசியமாக மருந்து கலப்பவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள் என்பதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

எந்தச் செயலியும் கைகொடுக்காத கட்டம் ஒன்று உண்டு. மறுபடி குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவருக்குக் கை நடுக்கம், வியர்வை தொடங்கி, பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களில் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம். வலிப்போ குழப்பமோ தென்பட்டால் 108ஐ அழையுங்கள். மனம் தளர்ந்து பேச ஆள் வேண்டும் என்றால் 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மனஸ் எண் 14416ஐயும், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐயும் முகப்புத் திரையிலேயே சேர்த்துவையுங்கள்.

பதிவேடுகளைக் கணினியில் வைத்தால் கடவுச்சொல் இருவருக்கு மேல் தெரியக்கூடாது. மனநலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு மின்னணு வடிவிலுள்ள தகவலுக்கும் இரகசியக் காப்பு உண்டு என்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் படத்தை ஊடகத்துக்குத் தருவதையும் அது தடுக்கிறது. கேமரா வாசலில் போதும், படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடவே கூடாது. ஒருவர் இல்லத்தைவிட்டுப் போகும்போது அவர் விரும்பினால் குழுவிலேயே தொடரட்டும். முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் ஒருமுறை, இரவுப் பொறுப்பில் இருந்து அவருக்குப் பழக்கமானவரே, முன்பே பேசிவைத்த கிழமையிலும் நேரத்திலும் அவரை அழைக்க வேண்டும். அழைப்பை எடுக்காவிட்டால் வீட்டில் யாரிடம் பேசலாம் என்பதைக் கிளம்பும் முன்பே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.