வாஷிங்டன் எழுதி வைத்த பீர்

ஜார்ஜ் வாஷிங்டன் 1757-இல் தன் குறிப்பேட்டில் எழுதிய ‘ஸ்மால் பீர்’ (போதை குறைந்த லேசான பீர்) செய்முறை நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்ச சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்கள் பழைய காலத்து பீர்களைக் காய்ச்சிப் பார்க்க இதிலிருந்து தொடங்கலாம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) அரைக்கும் வேலையே இல்லை.

தவிட்டையும் ஹாப்ஸையும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) 3 மணி நேரம் கொதிக்கவைத்து, 30 கேலன் வடித்து, கொதிக்கக் கொதிக்க 3 கேலன் மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) ஊற்றச் சொல்கிறார். நமக்கு 5 லிட்டருக்கு அரை லிட்டர் மொலாசஸ் போதும். கந்தகம் சேர்க்காத மொலாசஸாகப் பார்த்து வாங்குங்கள், கந்தகம் ஈஸ்டை மந்தமாக்கும். அவர் உடல் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போதே ஈஸ்ட் போடுகிறார். இன்று ஏல் வகை பீருக்கு விற்கும் ஈஸ்டுக்கு அது அதிகம். 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிடுங்கள்.

ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைக்கச் சொல்வதை மட்டும் அப்படியே செய்யாதீர்கள். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அளவு 3 நாள் மாறாமல் நின்ற பிறகே அடையுங்கள். நொதித்தல் முடியாமல் மூடினால் பாட்டில் வெடித்துவிடும், கண்ணாடி என்பதால் இதில் அவசரமே கூடாது.

அப்புறம், ருசி. இனிப்பை எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். கருகின வெல்லம் போன்ற லேசான கசப்புதான் நாக்கில் நிற்கும். எனக்கு அந்தக் கசப்பு ரொம்பப் பிடிக்கும்.