வலிக் கருவியில் சீழ் வைத்தால்: புகாருக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வலியைக் குறைக்க உடம்புக்குள் பொருத்திய கருவியைச் சுற்றிச் சீழ் வைத்து, மருத்துவமனை மீது புகார் கொடுக்க நினைக்கிறீர்களா? முதலில் உடம்பு, சண்டை பிறகு. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காயத்தைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, தினமும் ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். "லேசான சிவப்புதான், சரியாகிடும்" என்பவருக்குக் கோட்டைத் தாண்டிய சிவப்பைக் காட்டலாம்.

அறுவைக் குறிப்பு, கருவியின் வரிசை எண், சீழ்ப் பரிசோதனை முடிவு மூன்றையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மாதிரி எடுத்தது ஆன்டிபயாடிக்குக்கு முன்பா, பின்பா என்று பாருங்கள். பின்பு என்றால் கிருமி சோதனையில் வளராமல் போகலாம்.

கருவியை எடுத்ததையே குற்றமாக எழுதாதீர்கள். அதன்மேல் கிருமி படலம் கட்டிவிட்டால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. எடுக்க ஏன் தாமதம் என்பதுதான் சரியான கேள்வி. புகார் ஒரே பக்கம், தேதிவாரியாக.