வீட்டு இசை நூலகத்தைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தப் பாட்டுக் கோப்புகளைப் பட்டியலிட்டு இயக்கும் பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி போன்ற செயலிகளில் எதைப் பயன்படுத்தினாலும், சில ஆயிரம் பாட்டு சேர்ந்த பிறகு பட்டியல் குழம்பத்தான் செய்யும். ஒரே ஆல்பம் ஆறு துண்டாகக் கிடக்கும். ஒரே பாடகர் நாலு பெயரில் நிற்பார். அதைப் பார்த்ததும் செயலியைத் திறந்து, திரையில் தெரிவதை அங்கேயே திருத்த ஆரம்பிப்பதுதான் முதல் தவறு.

பிளெக்ஸில் ஆல்பம் பெயரை மாற்றினால், அது பிளெக்ஸின் தரவுத்தளத்தில் மட்டுமே மாறும். பாட்டுக் கோப்புக்குள் தலைப்பு, பாடகர், ஆல்பம் பெயர்களைத் தாங்கியிருக்கும் ‘டேக்’ பழையபடியே இருக்கும். நாளைக்கு வேறு செயலிக்குப் போனாலோ, தரவுத்தளம் கெட்டுப்போனாலோ அத்தனை உழைப்பும் வீண். திருத்த வேண்டியது கோப்பைத்தான். அதற்கு எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. தொடங்குமுன் மொத்தத்தையும் வேறொரு டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். டேக்கைச் சேமித்த பின் பழையதைத் திரும்பப் பெற வேறு வழி அநேகமாக இருக்காது.

ஆல்பம் துண்டு துண்டாவதற்குப் பெரும்பாலும் காரணம், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடம் காலியாக இருப்பது. திரைப்பட ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். செயலி ஒவ்வொருவருக்கும் ஓர் ஆல்பம் போட்டுவிடும். இதைச் சரிசெய்யப் பலர் ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்திலேயே இசையமைப்பாளர் பெயரை எல்லாப் பாட்டிலும் எழுதிவிடுகிறார்கள். ஆல்பம் ஒன்றாகிவிடும், ஆனால் யார் பாடியது என்ற தகவல் அழிந்துபோகும். ஒரு பாடகியின் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் பாடிய எதுவும் வராது. எனக்கு இதுதான் இருப்பதிலேயே வருத்தமான இழப்பு. எம்பி3டேக்கில் ஆல்பத்தின் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், பாட்டுக்குப் பாட்டு மாறும் இடங்களில் ‘கீப்’ என்று காட்டும். அவற்றைத் தொடவே வேண்டாம். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’டில் மட்டும் இசையமைப்பாளர் பெயரை எழுதி, கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். அதன் பிறகும் ஆல்பம் சேரவில்லை என்றால், ஆல்பம் பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறதா பாருங்கள்.

பெயர்களிலும் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள். ஒரு பாட்டில் தமிழில், அடுத்ததில் ஆங்கிலத்தில் எழுதினால் செயலிக்கு அவர் இரண்டு ஆள். இனிஷியலுக்குப் பின் இடைவெளி விடுவதும் விடாததும்கூட அப்படித்தான். பழைய எம்பி3யில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அது அநேகமாக ஐடி3வி1 என்ற பழைய வகை டேக். அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கே 3 பைட் வேண்டும். அதற்குப் பின் வந்த ஐடி3வி2 டேக்காகச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிக்கார்ட் பாட்டின் ஒலியை வைத்தே அதை அடையாளம் காணும். நல்ல வசதிதான், ஆனால் ஒரே பதிவு மூல ஆல்பத்திலும் இருக்கும், ஐந்தாறு தொகுப்புகளிலும் இருக்கும். இப்படி ஒலியை வைத்துத் தேடும் ‘ஸ்கேன்’ கட்டளையை மொத்த நூலகத்துக்கும் கொடுத்து, பார்க்காமல் சேமித்தால் ஒழுங்காக இருந்த ஆல்பமும் சிதறும். ஏற்கெனவே ஆல்பமாக இருப்பவற்றை ‘கிளஸ்டர்’ செய்து (ஆல்பம் வாரியாகக் குழுவாக்கி), பிறகு ‘லுக்கப்’ (டேக்கை வைத்துத் தேடுவது) கொடுங்கள். டேக்கே இல்லாத உதிரிக் கோப்புகளுக்கு மட்டும் ஸ்கேன் போதும்.

கோப்புகளின் பெயரையும் இடத்தையும் மாற்றுவதற்கு அவசரப்படாதீர்கள். ஜெல்லிஃபின் பாட்டைக் கோப்பின் பாதையை வைத்துத்தான் அறிகிறது. இடம் மாறினால் அது புதுப் பாட்டு. கோப்புகளின் பாதைகளைப் பட்டியலிடும் எம்3யு பிளேலிஸ்ட்டுகளும் அறுந்துபோகும். அதேபோல, வெளி டிரைவ் இணைக்காத நேரத்தில் நூலகத்தைச் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுக்க வேண்டாம். காணாத கோப்பை ‘இல்லாதது’ என்று செயலி நீக்கினால், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கும் கூடவே போய்விடலாம். பிளெக்ஸில் ஒவ்வொரு நூலக ஸ்கேனுக்குப் பிறகும், காணாத கோப்புகள் சேரும் குப்பையைத் தானாகக் காலி செய்யும் அமைப்பை அணைத்துவைப்பது நல்லது.

128 கேபிபிஎஸ் எம்பி3யை 320க்கோ, ஒலித்தரம் இழக்காத வடிவமான ஃபிளாக்குக்கோ மாற்றுவதால் இழந்த ஒலி திரும்பாது, கோப்புதான் பெரிதாகும்.

இரட்டைகளை நீக்கும்போது பெயரையும் நீளத்தையும் மட்டும் நம்பாதீர்கள். மேடைப் பதிவும் ஸ்டூடியோ பதிவும் ஒரே பெயரில் இருக்கலாம். சந்தேகமானவற்றை அழிக்காமல் தனி ஃபோல்டருக்கு மாற்றி, நேரம் கிடைக்கும்போது கேட்டுப் பாருங்கள். அந்த ஃபோல்டர் செயலி ஸ்கேன் செய்யும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் அடுத்த ஸ்கேனில் எல்லாம் மறுபடி பட்டியலுக்கு வந்துவிடும்.