தோட்டத்துக்கு ஒரு பத்திரிகை: டொங்காவைப் பார்த்து எப்படித் தொடங்குவது

தேயிலைத் தோட்டத்தில் சின்னதாக ஒரு பத்திரிகை கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். முதல் இதழ் வரும். அதில் இரண்டு கவிதை, ஒரு வாழ்த்துச் செய்தி, தலைவர் ஒருவரின் படம், திருவிழா அறிவிப்பு இருக்கும். மூன்றாவது இதழ் பெரும்பாலும் வராது, ஏனென்றால் அடுத்த இதழுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். சனம் காத்திருந்து வாங்க வேண்டும் என்றால் இதழுக்கு ஒரு பொதுக் கணக்கைப் போடுங்கள். பொதுப் பணம் எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது, வேலை நடந்ததா என்று ஒன்றே ஒன்று, முழுமையாக. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் காட்டும் இடம் பசிபிக் கடலில் இருக்கும் டொங்கா.

டொங்கா ஒரு பொலினீசியத் தீவு நாடு. சுமார் 170 தீவுகள் உண்டு, ஆனால் பெரும்பாலானவை ஆளில்லாதவை. மொத்தச் சனமே ஒரு லட்சம் அளவுதான், நம் நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் இருக்கிறோம். அரசர் ஆளும் நாடு அது. முதலாம் ஜோர்ஜ் துப்போ என்ற மன்னர் 1862 ஜூன் 4ஆம் திகதி, பிரபுக்களுக்குச் சாதாரண மக்கள் செய்துவந்த கட்டாய வேலையை ஒழித்தார், 1875இல் அரசியலமைப்பு ஒன்றையும் தந்தார். நிலத்தை யாரும் விற்க முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது. அதையொட்டி வந்த சட்டப்படி 16 வயதான ஒவ்வொரு டொங்கா ஆணும் பயிர் செய்ய ஒரு காணியும் வீடு கட்ட ஒரு காணியும் கேட்கலாம். பெண்களுக்கு அந்த உரிமை இல்லை, அது பெரிய அநியாயம். ஆனாலும் இருநூறு வருசம் மலையை வெட்டித் திருத்திவிட்டு இன்றைக்கும் ஏழு பேர்ச்சுக்கு உறுதிப்பத்திரம் கேட்டு அலையும் நமக்கு, 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குட்டி நாடு காணியைச் சட்டத்தில் எழுதி வைத்தது என்பது மனதை என்னவோ செய்கிறது.

அதே அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு, மக்கள் தங்கள் கருத்தைப் பேசலாம், எழுதலாம், அச்சிடலாம், அதைத் தடுக்கச் சட்டம் போடக்கூடாது என்கிறது. எழுத்தில் அப்படி, அதிகாரமோ நெடுங்காலம் அரசரிடமும் பிரபுக்களிடமும்தான் இருந்தது. 33 பிரபுக்கள் சேர்ந்து ஒன்பது பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புவார்கள், மற்ற மொத்தச் சனமும் சேர்ந்து அனுப்புவதும் ஒன்பது பேரைத்தான், மீதி அரசர் நியமித்த அமைச்சர்கள். 2010 தேர்தலில்தான் 26 ஆசனங்களில் 17 மக்கள் கைக்கு வந்தன. 1948இல் குடியுரிமையும் அடுத்த வருசம் வாக்கும் பறிபோய், 2003 வரை அதற்காக நடையாய் நடந்த மலையகத்தாருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

1875க்கும் 2010க்கும் நடுவில் டொங்காவில் நடந்ததில் ஒரு சின்னப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. அக்கிலிசி பொஹிவா என்ற ஆசிரியர் 1980களின் தொடக்கத்தில் வானொலியில் பொது விடயங்களைப் பேசிவந்தார். நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், அரச வேலையும் போனது. அவர் வேலை நீக்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டு வென்றதோடு, 1986இல் நண்பர்களோடு சேர்ந்து 'கெலெயா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அது கையில் எடுத்தது கணக்கைத்தான்: பாராளுமன்ற உறுப்பினர்கள் எடுத்த பயணப்படி, மேலதிகக் கொடுப்பனவு போன்றவை. அடுத்த வருசமே மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு வெளிநாட்டாருக்குக் கடவுச்சீட்டு விற்ற விவகாரத்தைத் தோண்டினார். 1991இல் அரசாங்கம் அவசரமாகப் பாராளுமன்றத்தைக் கூட்டி, கடவுச்சீட்டு வாங்கிய நூற்றுக்கணக்கானோரைப் பிரசைகளாக்கிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. 2014இன் இறுதியில் அவர் பிரதமரானார், 2019இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். முதல் கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாருடைய கண்ணிலும் படுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) ஏறும் கொங்கிரீட் பாதை, பாதியில் நிற்கும் குடிநீர்த் திட்டம், கூரைத்தகடு, பாடசாலைக் கழிவறை இப்படி. நாட்டின் மொத்தக் கடனைப் பற்றி எழுதக் கொழும்பில் ஆள் இருக்கிறது. உங்கள் டிவிசன் பாதையைப் பற்றி எழுத உங்களை விட்டால் ஆளில்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆகவே "தோட்டத்துக்கு நாங்கள் செய்ய முடியாது" என்று இப்போது யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு எடுக்கும் வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரசை எவரும் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், எதற்குக் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். கேள்வி கூர்மையாக இருந்தால்தான் பதில் வரும். "எங்கள் பாதைக்கு ஏன் இவ்வளவு தாமதம்" என்று கேட்டால் ஒரு விளக்கக் கடிதம் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்:

"கீழ்ப்பிரிவு லயத்துக்குச் செல்லும் கொங்கிரீட் பாதைக்கு 2024ஆம் ஆண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? மதிப்பீட்டில் குறிப்பிட்ட நீளம், அகலம், கனம் என்ன? ஒப்பந்தக்காரர் யார்? இதுவரை கொடுத்த பணத்துக்கான வவுச்சர்களின் பிரதியும் வேலை முடிந்ததாகக் கொடுத்த சான்றிதழின் பிரதியும் தேவை."

கடிதத்தைக் கொடுத்ததும் திகதியோடு ஏற்புச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நாளை மேன்முறையீடு செய்ய அதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். பதிலில்லையா, மறுத்தார்களா, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அலுப்பான வேலைதான், ஆனால் ஒவ்வொரு படியும் உங்கள் பத்திரிகைக்கு ஒரு செய்தி.

பதில் வந்ததும் நாடாவை எடுத்துக்கொண்டு பாதைக்குப் போங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இது நம் பணம். மதிப்பீட்டில் 120 மீற்றர் என்று இருந்து நிலத்தில் 85 தான் தேறுகிறது என்று வையுங்கள்; அதை இரண்டு பேர் தனித்தனியே அளந்து, நாடாவோடு படம் எடுத்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உடைந்த இடத்தில் கனத்தையும் பாருங்கள், அங்கேதான் பல நேரம் விடயம் இருக்கும். அப்புறம் ஒப்பந்தக்காரரையும் சபையையும் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே போடுங்கள். எழுதும்போது "கொள்ளை", "திருட்டு" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். 120 என்றும் 85 என்றும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் போட்டால் வாசிக்கிறவருக்கு மீதி விளங்கும்.

அச்சு பெரிய சங்கதி இல்லை. கைத்தொலைபேசியிலேயே தமிழில் தட்டலாம், ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கம், டவுனில் போட்டோகொப்பி. முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் பிரசவம், மரணம், பரீட்சை முடிவு, கொழுந்து விலை, பழைய ஆட்களின் நினைவு. கோயில் சுவர், கடை, நூலகம் என்று அனுமதி கிடைக்கும் இடங்களில் ஒட்டுங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவமும் வேலை பிரிக்கும் பிரட்டுக்களமும் நிர்வாகத்தின் இடம், கேட்காமல் ஒட்டினால் அதையே காரணமாக்கிக் கிழித்துவிடுவார்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமார், தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே இதழ் வந்த அன்று மாலை யாராவது ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்; அதைப் பதிந்து வட்சப்பில் குரலாகவும் அனுப்பலாம்.

வட்சப்பே போதுமே, தாள் எதற்கு என்று கேட்பார்கள். 2022 ஜனவரி 15ஆம் திகதி கடலடி எரிமலை வெடித்தபோது டொங்காவை உலகத்தோடு இணைத்த ஒரே கடலடி வடம் அறுந்தது, திருத்த ஐந்து வாரம் அளவில் ஆனது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண்சரிந்து பாதையும் மின்சாரமும் போனபோது நம் பக்கமும் அதைப் பார்த்தது. தாளில், ஒரு மூலையில், எந்த லயத்தில் யாரிடம் ரோர்ச்சும் கயிறும் இருக்கிறது, மழை கூடினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எல்லா இதழிலும் போட்டுக்கொண்டே இருங்கள். 2014இல் மீரியபெத்தையில் மண் மூடிய லயங்களை மறக்க முடியுமா?

இனி ஆபத்து பற்றி. டொங்காவில் 1996இல், அமைச்சர் ஒருவர் மீது வரவிருந்த குற்றப் பிரேரணையைச் சபைக்கு வரும் முன்பே வெளியிட்டதற்காக, 'டைமி ஓ டொங்கா' பத்திரிகையின் கலாஃபி மோஆலாவையும் அவருடைய துணை ஆசிரியரையும் பொஹிவாவையும் பாராளுமன்றமே 30 நாள் சிறைக்கு அனுப்பியது. நாள் முடியும் முன்பே நீதிமன்றம் விடுவித்தது. அரசரிடம் இரகசியச் சொத்து இருப்பதாகச் சொன்ன ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காகப் பொஹிவா மீது இராசத்துரோக வழக்கு வந்தது. கடிதம் போலி என்றது அரண்மனைத் தரப்பு. 2003இல் ஜூரி அவரை விடுவித்தது என்றாலும், எங்கிருந்து வந்தது என்று உறுதிசெய்ய முடியாத தாளை நீங்கள் தொடவே வேண்டாம் என்பேன். அதே வருசம் 'டைமி'யைத் தடுக்க அரசியலமைப்பையே திருத்திச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2004இல் அந்தச் சட்டங்களை நீதிமன்றம் செல்லாது என்றது.

இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீங்கியது, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, முகப்புத்தகத்தில் போடும் முன் அதை நினையுங்கள். பத்திரிகையைக் காசுக்கு விற்பதென்றால் பதிவு பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். ஆசிரியர் என்று யாருடைய பெயரைப் போடுவது என்பது இன்னும் முக்கியம். செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) பெயர் இருக்கிறவரைப் போட்டால் நாளைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அரச ஆசிரியரைப் போட்டால் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை அவர் கையைக் கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், சுயதொழில் செய்கிறவர், டவுனில் கடை வைத்திருப்பவர் யாராவது பொருத்தம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2006 நவம்பர் 16ஆம் திகதி தலைநகர் நுக்குவாலோஃபாவில் சீர்திருத்தம் கேட்ட கூட்டம் கலவரமாகி, நகரின் கடைத்தெருவில் பெரும்பகுதி எரிந்தது, சீனர்களின் கடைகள் குறிவைக்கப்பட்டன, உயிர்களும் போயின. 1977ஐயும் 1983ஐயும் பார்த்த மலையகத்தில் எழுதுகிறவர், கணக்கு பிழைத்த ஆளின் சாதியையோ சமயத்தையோ இனத்தையோ ஒருபோதும் எழுதக்கூடாது. ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் 35 மீற்றர் 35 மீற்றர்தான்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோ. நடேசய்யர் 1920களிலேயே பத்திரிகை நடத்தினார், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிறகு தோட்டத் தொழிலாளரைச் சங்கமாக்கினார், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி மேடையேறிப் பாடினார். அந்தக் காலத்துத் தாள்களில் பல இன்று தேடியும் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு இதழிலும் ஐந்து பிரதியை எடுத்துவையுங்கள். லயத்துக் கூரை ஒழுகும், அதனால் பொலித்தீனில் சுற்றி இரண்டு வேறு வீடுகளில். ஒன்றை ஸ்கான் செய்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைப்பது அவர்கள் வேலை. தகவல் அலுவலர் தந்த பதில்களையும் அதோடு சேர்த்தே கொடுங்கள்.