பழைய செலினியம் ஒளிமானியை டிஜிட்டல் கேமராவுடன் பயன்படுத்துவது எப்படி?

ஒளி பட்டாலே மின்சாரம் தரும் செலினியம் செல்லில் இயங்குவதால் பேட்டரியே தேவைப்படாத செகோனிக் எல்-398 ஒளிமானி ஒன்று, பழைய கேமராச் சாமான்களோடு எனக்குக் கிடைத்தது. கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேமரா, பொருளின்மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. வெள்ளைக் குமிழ் பொருத்திய இந்தக் கருவியோ பொருளின்மேல் வந்து விழும் ஒளியை அளக்கிறது. ஒரே வெயிலில் வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும் இருந்தால், கேமரா இரண்டுக்கும் வெவ்வேறு அளவைச் சொல்லும்; ஒளிமானி ஒரே அளவைத்தான் சொல்லும். துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றையும் கையால் அமைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

முள்ளைச் சரிபார்த்தல்

குமிழை உள்ளங்கையால் முழுவதுமாக மூடி, நடுப்பொத்தானை அழுத்தி விடுங்கள். முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பின்புறமுள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம். ஜன்னல் பக்கம் காட்டியும் முள் அசையாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அளத்தல்

பொருள் இருக்கும் இடத்திலேயே நின்று, குமிழைக் கேமராவின் லென்ஸை நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். சூரியனை நோக்கியோ பொருளை நோக்கியோ காட்டக் கூடாது. பொத்தானை அழுத்தி, முள் நிலைத்ததும் விட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அந்த எண்ணுக்கு நேராக வட்டின் குறியைத் திருப்பினால், பொருந்தக்கூடிய துளை, ஷட்டர் இணைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும்.

வெயிலுக்கான துளைத்தகடு, அதாவது ஹை ஸ்லைடு, ஒளியை 32இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. அது செருகப்பட்டிருக்கும்போது வட்டில் எச் என்று பொறித்த குறியையும், எடுத்துவிட்டால் மற்றதையும் பயன்படுத்த வேண்டும். மாற்றிப் பார்த்தால் பிழை ஐந்து ஸ்டாப் ஆகிவிடும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பதோ பாதியாவதோ).

நான் தடுக்கி விழுந்த இடம்

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நண்பகல் வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரின் முன் நின்று கேமராவின் அளவோடு ஒப்பிட்டேன். ஐஎஸ்ஓ 100இல் ஒளிமானி எஃப்/16, 1/125 என்றது. கேமராவோ அதே துளைக்கு 1/500 என்றது. இரண்டு ஸ்டாப் வேறுபாட்டைக் கண்டதும் செலினியம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, கருவியை ஒரு வாரம் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். உண்மையில் இரண்டும் தத்தம் வேலையை ஏறத்தாழச் சரியாகவே செய்திருந்தன. எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் நிறமாக்க முயலும் கேமரா, வெள்ளைச் சுவரையும் சாம்பலாக்கப் பார்த்தது. ஒளிமானி சுவரை வெள்ளையாகவே விட்டது. தெளிந்த வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக (100க்கு ஏறத்தாழ 1/100) இருக்கும் என்ற பழைய பிலிம்காலக் கணக்கை அப்போது நினைத்துப் பார்த்திருந்தால், எது சரி என்று உடனே விளங்கியிருக்கும்.

ஆகவே ஒளிமானியைக் கேமராவின் மீட்டரோடு ஒப்பிடாதீர்கள். எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.

துண்டுச் சோதனை

நெசவு தெளிவாகத் தெரியும் வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை, வெயில் நேராக விழும்படி கொடியில் போடுங்கள். துண்டின் அருகே நின்று அளந்து, ஐஎஸ்ஓ 100இல் அந்த அளவுக்கே முதல் படத்தை எடுங்கள். பிறகு துளையை மாற்றாமல் ஷட்டரை மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம், இருபுறமும் ஒரு ஸ்டாப் வரை நகர்த்தினால் மொத்தம் ஏழு படங்கள் கிடைக்கும். துண்டு வெள்ளையாகவும் அதன் இழைகள் அழியாமலும் இருக்கும் படங்களில் மிகப் பிரகாசமானதைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் படத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ரா கோப்பில், அதாவது கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பில், மீட்டுக்கொள்ளலாம் என்ற துணிவை இந்தச் சோதனையில் ஒதுக்கிவையுங்கள், அது பின்னால் அவசரத்துக்கு உதவும். நெகட்டிவ் பிலிம் அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். சென்சாரில் வெள்ளை ஒருமுறை எரிந்துவிட்டால் அங்கே மீட்பதற்கு எதுவும் இராது.

என் கருவி சொன்ன அளவைவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைவான படமே சரியாக வந்தது. வயதான செல் ஒளியைக் குறைத்துக் காண்பதால் அதிக வெளிச்சம் வேண்டுமென்று கேட்கிறது. இதைச் சரிசெய்யக் கருவியைப் பிரிக்க வேண்டியதில்லை. கேமராவில் 100 வைக்கும்போது ஒளிமானியின் வட்டில் 160 வைத்தால் போதும். படம் இருட்டாக வந்தால் இதற்கு நேர்மாறாக 80, 64 என்று இறங்க வேண்டும்.

இதே சோதனையை மர நிழலிலும் அறைக்குள்ளும் செய்து பாருங்கள். எல்லா இடத்திலும் பிழை ஒரே அளவாக இருந்தால் அந்தத் திருத்தத்தை நம்பலாம். வெயிலில் அரை ஸ்டாப், நிழலில் இரண்டு ஸ்டாப் என்று மாறினால் செல்லின் ஆயுள் முடிந்துவிட்டது. எந்த எண்ணை வைத்தாலும் பயனில்லை. அடிக்கடி பயன்படுத்தும் லென்ஸைக் கொண்டே சோதியுங்கள், ஏனெனில் கண்ணாடிகள் பல கொண்ட ஜூம் லென்ஸ் அதே எஃப் எண்ணில் சற்றுக் குறைந்த ஒளியையே உள்ளே விடக்கூடும்.

பின்சேர்க்கை

பேட்டரியில் இயங்கும் கோசன் லூனாசிக்ஸ் 3 ஒளிமானி வைத்திருக்கும் வாசகர்கள் இருவர், தங்கள் கருவி நாளுக்கொரு அளவு காட்டுவதாக எழுதியிருந்தார்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இரண்டில் இயங்கக் கட்டப்பட்டது. அவர்கள் போட்டிருந்ததோ 1.5 வோல்ட் ஆல்கலைன். அதன் மின்னழுத்தம் தொடக்கத்தில் மிகுதி என்பதோடு, நாளாக ஆகச் சரிந்துகொண்டும் போகும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று பேட்டரியைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டிப் பொருத்தலாம். அழுத்தம் ஏறத்தாழ சரியாக இருந்தாலும், ஒட்டியுள்ள தாளைக் கிழித்த சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தீர்ந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் சிறு அடாப்டரோடு சில்வர் ஆக்ஸைடு பேட்டரி போடுவதையே நான் விரும்புவேன். மங்கிய ஒளியில் லூனாசிக்ஸ் என் செலினியக் கருவியை எளிதில் வென்றுவிடும். ஆனாலும் பேட்டரி தேடி அலைய மனமில்லாததால் நான் எல்-398ஐ விடவில்லை.

வெஸ்டன் மாஸ்டர் II என்ற பழைய ஒளிமானியை வாங்கியவர் கவனிக்க: அதன் வட்டில் இருப்பது வெஸ்டன் வேக எண், ஐஎஸ்ஓ 100க்கு அதில் 80 வைக்க வேண்டும்.

லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டியிருந்தால் ஒளிமானிக்கு அது தெரியாது. ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப்பை நீங்களே கூட்ட வேண்டும். பெல்லோஸ் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நீளும் மடிப்புத் துருத்தி) வைத்து ஒரு பூவை அதன் உண்மையான அளவிலேயே படமெடுக்கும்போது, லென்ஸ் முன்னோக்கி நகர்ந்த தொலைவுக்காக இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.